தலைமைத்துவப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போகவா, அந்தக் காசை இங்கேயே செலவழிக்கவா?

வவுணதீவுக்காரி | திங்கள், இரவு 9.12

வணக்கம். வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இன்றைக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் நீளம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேலை செய்கிற சின்ன அமைப்பு ஒன்றில் 11 வருடம் இருக்கிறேன். வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, மறுகா இணைப்பாளராகி, போன தை மாதத்திலிருந்து பணிப்பாளர். எங்கள் ஸ்தாபகர் ஐயா மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். போகிறதுக்கு முதல் நாள் அலுமாரித் திறப்பையும் றப்பர் முத்திரையையும் மேசையில் வைத்து, "இனி நீதான் பிள்ளை பாக்கணும்" என்றார். பதவிக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள், தனித்துப்போன முதியோர், இவர்களோடுதான் எங்கள் வேலை. சம்பளப் பட்டியலில் 14 பேர். நேற்றுவரை என்னோடு ஒரே மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகள் இன்றைக்கு "மிஸ்" என்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். இரண்டு பேரும் பெண்கள். இரண்டு கடிதத்திலும் "தனிப்பட்ட காரணம்".

நிதி தருகிறவர்கள் தலைமைத்துவ விருத்திக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். கொழும்பில் ஹோட்டலில் தங்கி 5 நாள் பயிற்சி, ஆங்கிலத்தில். சமத்துவமும் வினைத்திறனும் உள்ள சமூக சேவை அமைப்பை வழிநடத்துவது எப்படி என்பது தலைப்பு. கட்டணம், தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் கூட்டினால் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரின் ஐந்து மாதச் சம்பளம். வேண்டாமென்றால் அதே காசுக்கு வேறு திட்டம் எழுதித் தரலாமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேணும். போகவா, விடவா?

மீன்பாடும்_தோணி | திங்கள், இரவு 9.30

போங்க அக்கா. ஏசி ரூம், பவே சாப்பாடு. திரும்பி வந்து சுவரில் ஒரு சான்றிதழும் மாட்டலாம்.

பழைய வளவாளர் | திங்கள், இரவு 10.47

தங்கச்சி, தம்பி பகிடியாகச் சொன்னதை நான் பகிடியில்லாமல் சொல்கிறேன். 2005 தொடக்கம் பத்து வருடம் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பயிற்சி நடத்துகிற வளவாளராக நின்றவன் நான். சுனாமிக் கடல் வந்த பிறகு எத்தனை அமைப்பு, எத்தனை செயலமர்வு! காலையில் ஐஸ் பிரேக்கர், பத்தரைக்குப் பட்டிசும் தேத்தண்ணியும், மறுகா குழு வேலை, பின்னேரம் பிளிப் சார்ட்டோடு எல்லோரும் நின்று ஒரு படம். கடைசியில் மூன்று முகம் போட்ட தாள் கொடுப்போம். ஒன்று சிரிக்கும், ஒன்று சும்மா பார்க்கும், ஒன்று அழும். வயிறு நிறைந்த மனிதர்கள் சிரிக்கிற முகத்துக்குத்தான் சரி போடுவார்கள். அதை அறிக்கையில் சேர்த்து அடுத்த ஒப்பந்தம் எடுத்தோம்.

டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே பயிற்சியை அளக்க நாலு படி சொல்லிவிட்டார். வந்தவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலைக்குத் திரும்பிய பிறகு அவருடைய நடத்தை மாறியதா, அதனால் அமைப்புக்கு விளைவு ஏதும் வந்ததா. நாங்கள் பத்து வருடமும் முதல் படியில்தான் குந்தியிருந்தோம்.

என்னிடம் படித்த பணிப்பாளர் ஒருவரின் ஒபிசுக்கு எட்டு மாதம் கழித்துப் போக நேர்ந்தது. அலுமாரிக்கு மேல் என்னுடைய பிளிப் சார்ட் சுருள் கிடந்தது, ஓரம் கறையான் தின்று. "பயிற்சிக்குப் பிறகு என்ன மாறினது தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இப்ப கூட்டம் தொடங்க முதல் ஒரு விளையாட்டு வைக்கிறம் சேர்" என்றார்.

கொக்கட்டி இலை | செவ்வாய், காலை 6.05

பெயரும் சொல்ல மாட்டேன், அமைப்பும் சொல்ல மாட்டேன். வெல்லாவெளிப் பக்கம் வெளிக்கள உத்தியோகத்தர். எங்கள் பணிப்பாளர் தலைமைத்துவப் பயிற்சி மூன்று முடித்தவர். பால்நிலைச் சமத்துவம் பற்றி அவர் பேசினால் நீங்களே கைதட்டுவீர்கள்.

மாதாந்தக் கூட்டம் டவுன் ஒபிசில் பின்னேரம் 4 மணிக்கு. ஏன் 4? காலையில் அவருக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) கூட்டங்கள் இருக்கும். எங்கள் கூட்டம் முடிய ஆறாகும். பாலம் தாண்டி நான் வீடு போய்ச் சேர ஏழரை. இருட்டினால் அந்த ரோட்டில் யானை நிற்கும், வெளிச்சம் அடித்தும் விலகாது. மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்த காலத்தில், "கடைசிப் பாதை போயிரும் சேர்" என்று சொல்லி ஐந்து மணிக்கே எழும்பிவிடுவோம் என்று பழைய அக்காமார் சொல்வார்கள். 2014இல் பாலத்தைத் திறந்தார்கள், அந்தச் சாட்டும் போய்விட்டது!

ஆகவே படுவான்கரைப் பெண்கள் நாலு பேரும் மாறிமாறிச் சுகமில்லை என்று லீவு போடுகிறோம். கூட்டத்தில் மிஞ்சுவது டவுன் பக்கத்து எழுவான்கரை ஆண்கள். அடுத்த வருடம் எந்தக் கிராமம், புது மோட்டார் சைக்கிள் யாருக்கு என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முடிவாகும். அடுத்த நாள் தீர்மானம் வட்ஸ்அப்பில் வரும். போன வருடச் செயலாற்றுகை மதிப்பீட்டில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே வரி எழுதியிருந்தது: "கூட்டங்களில் பங்குபற்றுதல் போதாது."

அக்கா, விலகிப்போன அந்த இரண்டு பேரும் எந்தக் கரை?

வவுணதீவுக்காரி | செவ்வாய், காலை 7.20

படுவான்கரை. ஒருவர் பழுகாமம், மற்றவர் அதற்கும் அங்கால. எங்கள் கூட்டமும் 4 மணிக்குத்தான். ஐயா வைத்த நேரம், நான் மாற்றவில்லை. எனக்கு வலையிறவுப் பாலம் தாண்டினால் வீடு, அதனால் உறைக்கவும் இல்லை.

வவுச்சர் | செவ்வாய், பகல் 1.15

அக்கா குறை நினைக்க வேண்டாம், கணக்குப் பார்க்கிறவனின் கண் எண்ணில்தான் போய் நிற்கும். அதென்ன சரியாக 14?

பணிக்கொடைச் சட்டம், 1983இன் 12ஆம் இலக்கம். 15 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால், 5 வருடம் முடித்து விலகுகிற மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி கொடுக்க வேண்டும். 14 என்றால் அந்தச் சட்டக் கடப்பாடு இல்லை. அதனால் 14இலேயே வருடக்கணக்காக நிற்கிற அமைப்புகள் உண்டு. மிச்ச ஆட்களுக்கு "தொண்டர்" என்று பெயர் வைத்து வவுச்சரில் படி கொடுப்பார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு இந்த விளையாட்டு சரிவராது. 14 பேர் என்றாலும் அமைப்பு 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டும், அதோடு நம்பிக்கை நிதியத்துக்கு அமைப்பு 3 வீதம். திட்டம் முடிய ஒப்பந்தத்தை முடித்து, ஒரு மாதம் வீட்டில் இருத்தி, அதே ஆளைப் புது ஆளாகச் சேர்க்கிற வித்தை வேறு இருக்கிறது.

கிராமத்தில் போய் "உங்கள் உரிமையைக் கேளுங்கள்" என்று சொல்கிற பிள்ளைக்குத் தன் நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கொழும்புக்குப் போவதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். ஒரு இரவு இருந்து உங்கள் சம்பளப் பட்டியலை வாசியுங்கள்.

சாய்ந்தமருது நாநா | செவ்வாய், இரவு 8.50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் சேர்ந்து கொழும்பை இப்படி அடித்தால் நானும் ஒரு வார்த்தை சொல்ல வேணும்.

2018இல் அதே மாதிரி ஒரு பயிற்சிக்குப் போனேன். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது, உண்மை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர் அம்பாறை டவுனில் முதியோர் வேலை செய்கிற ஒரு சிங்கள அக்கா. எங்கள் ஊரிலிருந்து அவ ஒபிசுக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். ஒரே மாவட்டம், ஒரே கச்சேரி, வருடாவருடம் ஒரே படிவம் நிரப்பியிருக்கிறோம். அவவைச் சந்திக்க எனக்குக் கொழும்பு தேவைப்பட்டது!

இப்போது சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால் படம் எடுத்து அவவுக்கு அனுப்புவேன், அவ குரல் செய்தியில் விளக்கம் சொல்லுவா. 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி என்பது வேறு கதை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில கிழமைகள் எங்கள் பெண் உத்தியோகத்தர்கள் அபாயாவோடு பக்கத்துத் தமிழ்க் கிராமங்களுக்குப் போகப் பயந்தார்கள். போகாமல் விட்டால் அங்கே இருக்கிற ஏழெட்டு முதியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. காரைதீவிலிருந்து ஒரு அமைப்புத் தம்பி அவராகவே வந்து, "நானும் கூட வாறன் நாநா" என்றார். அவரும் அந்தப் பயிற்சியில் இருந்த ஆள்தான்.

ஐந்து நாள் பேசினது எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த ஆட்கள் மிஞ்சினார்கள். ஆட்களைத் தேடுவதுதான் என்றால் அதற்கு ஹோட்டல் வேணுமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

மீன்பாடும்_தோணி | செவ்வாய், இரவு 9.02

நாநா சொன்னால் சரிதான். நான் என் பவேயைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய வளவாளர் | செவ்வாய், இரவு 11.10

நாநா சொன்னது எனக்கு ஒரு பழைய விசயத்தை ஞாபகப்படுத்துகிறது. ரெக் ரெவன்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர், பௌதிகம் படித்தவர், 1940களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தார். சுரங்க முகாமையாளர்களுக்கு வெளியிலிருந்து விரிவுரையாளர்களைக் கொண்டுவருவதை விட, அவர்களை ஒன்றாக இருத்தி ஒருவர் பிரச்சினையை மற்றவர் விசாரிக்கவிட்டால் கூடக் கற்பார்கள் என்றார். கற்றல் என்பது ஏற்கனவே தொகுத்துவைத்த அறிவும் கேள்வியும் சேர்ந்தது என்பது அவர் சூத்திரம். நாங்கள் முதற்பாதியை மட்டும் விற்றோம்.

நடைமுறை சுலபம். ஆறேழு அமைப்புத் தலைவர்கள், மாதம் ஒருமுறை, மூன்று மணித்தியாலம். ஒருவர் தன் உண்மையான சிக்கல் ஒன்றை வைப்பார். மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நம் ஊரில் இதுதான் கஷ்டம், கேள்விபோல ஆரம்பித்துப் புத்திமதியில் போய் முடிப்போம். "நீங்க ஏன் பிரதேச செயலாளரிட்ட ஒருக்கா கதைக்கக்கூடாது?" என்பது கேள்வி இல்லை. முடிவில் அவர் தான் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிட்டு எழும்ப வேண்டும். அடுத்த மாதம் வந்து, செய்தாரா, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அடுத்த மாதம்தான் ஹோட்டலில் கிடைக்காதது.

இன்னொன்று. தங்கச்சிக்கு ஒரு வட்டம் கிடைத்தாலும் அந்த 14 பிள்ளைகளுக்கு என்ன? மேற்பார்வை என்றால் நாங்கள் மோட்டார் சைக்கிள் ஓடிய தூரம் எழுதுகிற ரனிங் சார்ட்டில் கையெழுத்து வைப்பதைத்தான் நினைக்கிறோம். சமூகப்பணியில் அல்பிரட் கடுஷின் என்ற பேராசிரியர் மேற்பார்வைக்கு மூன்று வேலை சொன்னார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல். மூன்றாவது நம்மிடம் அறவே இல்லை. கணவன் அடித்த பெண்ணின் கதையைக் காலையிலும், பிள்ளை தூக்குப் போட்ட தாயின் கதையைப் பின்னேரமும் கேட்டுவிட்டு வருகிற பிள்ளையிடம் நாங்கள் கேட்பது, "எத்தனை கிலோமீற்றர் ஓடினீங்க?"

கொக்கட்டி இலை | புதன், காலை 5.58

சேர், அந்தக் கடைசி வரியை எங்கள் ஒபிஸ் சுவரில் ஒட்டலாமா? ஒட்ட மாட்டேன், வேலை போய்விடும். ஆனால் ஒட்டலாமா?

திருக்கோவில் கடற்காற்று | புதன், பகல் 2.40

நாங்கள் ஒரு வட்டம் வைத்திருக்கிறோம், அந்த ரெவன்ஸ் பெயர் தெரியாமலே. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை ஆறு பேர், மூன்று சமூகமும் உண்டு. கல்முனையில் ஒரு நூலக மண்டபத்தில் கூடுவோம். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவோம், ஆளுக்கு ஆள் பஸ் காசு, வேறு செலவில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு நேரடியாக வந்த காசு இல்லை அது, இன்னொரு அமைப்பின் ஊடாக வந்தது. எல்லா வேலையையும் நிறுத்துங்கள் என்று ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்த USAID முகவரகமே மூடப்பட்டது. ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரவிரவாக இருந்து தனியாகப் பட்டியல் போட்டேன். மேலே இருந்த மூன்று பெயரும் கடைசியாகச் சேர்ந்த பெண்கள்.

வட்டத்தில் அதை வைத்தேன். ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒரு அண்ணன் கேட்டார்: "பட்டியலில் இருக்கிற ஆறு பேரின் சம்பளத்தையும் கூட்டினால் எவ்வளவு?" சொன்னேன். "உங்கள் சம்பளமும் வாகன வாடகையும் கூட்டினால்?" சொன்னேன். கிட்டத்தட்ட ஒன்று. பிறகு மருதமுனை ராத்தா மெதுவாகக் கேட்டா: "பட்டியலில உங்கட பெயர் எத்தனையாவது தங்கச்சி?"

எனக்குக் கோபம் வந்தது. பேசாமல் எழும்பிப் போய்விட்டேன், சோற்றுப் பெட்டியையும் மறந்துவிட்டு. அக்கரைப்பற்று வரும்வரை பஸ்ஸில் ராத்தாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை எல்லோரையும் இருத்திக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். வாகனத்தை நிறுத்தினோம், எனக்குப் பாதிச் சம்பளம், எல்லோருக்கும் கிழமையில் மூன்று நாள் வேலை. அப்படியும் இரண்டு பேர் போகத்தான் வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேருக்கும் வட்டத்தில் இருந்த வேறு அமைப்பில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் இருக்கிறார்கள். இது நல்ல முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியாது, பாதிச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளின் டியூசனை நிறுத்தினேன்.

சாய்ந்தமருது நாநா | புதன், இரவு 7.15

மருதமுனை ராத்தா யாரென்று எனக்குத் தெரியும். அவவிடம் தப்பினவர் ஒருவரும் இல்லை.

ஊர்க்குருவி | புதன், இரவு 10.20

எல்லாம் சரி, உங்கள் நிர்வாக சபையில் யார் யார் இருக்கிறார்கள்? 1980இன் 31ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் யாப்பு என்று ஒன்று இருக்கும், அதில் வருடாந்தப் பொதுக்கூட்டம் என்று ஒரு வரியும் இருக்கும். கடைசியாக எப்போது கூடினது?

வவுணதீவுக்காரி | வியாழன், இரவு 9.40

தலைவர் ஐயாவின் மச்சான். பொருளாளர் ஐயாவின் மருமகன். செயலாளர் 2021இல் இறந்துவிட்டார், வங்கியில் கையெழுத்தை மட்டும் மாற்றினோம். பொதுக்கூட்டம் அறிக்கையில் வருடாவருடம் நடக்கிறது.

வவுச்சர் தம்பி, கணக்காளரிடம் கேட்டேன், ஏன் 14 என்று. சிரித்துக்கொண்டு, "ஐயா 15ஐத் தொடவே விடமாட்டார் மிஸ்" என்றார். தொண்டர் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஆறு வருடமாக! பத்துத் தடவை அவவின் வவுச்சரில் நானே கையெழுத்து வைத்திருப்பேன்.

நாளைக்குப் பதில் கொடுக்க வேண்டும். இரவிருந்து எழுதப்போகிறேன்.

வவுணதீவுக்காரி | ஆறு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.25

சொல்லாமல் விட்டால் சரியில்லை என்று வந்தேன்.

கொழும்பு வேண்டாம் என்று எழுதினேன். பதிலாக, ஒரு வருடத்துக்கு மாதாமாதம் தலைவர்கள் வட்டம், சமூகப்பணி படித்த ஒருவர் வெளியிலிருந்து வந்து ஒவ்வொரு பிள்ளையோடும் மாதம் ஒரு மணித்தியாலம் தனியாக இருப்பது, நியமனக் கடிதங்களைத் திருத்த ஒரு சட்டத்தரணியின் கட்டணம். பலனை அளக்கிற சுட்டி என்ன என்று கேட்டார்கள். படுவான்கரைப் பெண்கள் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், நாங்கள் கொடுத்த உதவி ஆறு மாதம் கழித்தும் பாவனையில் இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதினேன். இரண்டாவது கொஞ்சம் இழுபட்டது, பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தைக் காலை 10.30க்கு மாற்றிக் கொக்கட்டிச்சோலையில் ஒரு மாதர் சங்கக் கட்டிடத்தில் வைத்தோம். முதல் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் நான்தான் கதைத்தேன். பிறகு மூன்று வருடமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை, "மிஸ், அந்தச் சக்கர நாற்காலி" என்றா. போரதீவுப் பக்கம் ஒரு வயோதிப அம்மாவுக்குக் கொடுத்தது. "அது அந்த வளவுக்குள்ள உருளாது மிஸ், எல்லாம் மணல். ரெண்டாம் நாளே கொண்டுபோய்க் கொட்டிலுக்குள்ள வைச்சிட்டாங்க. இப்ப அதில நெல்லுச் சாக்கு இருக்கு." அந்த நாற்காலிதான் எங்கள் வருடாந்த அறிக்கையின் அட்டைப்படம். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "கூட்டத்துக்கு வந்தாத்தானே மிஸ் சொல்ல" என்றா. அடுத்த நாள் போனோம். வாசலிலிருந்து கிணறு வரை சீமெந்துப் பாதை ஒன்று போட எவ்வளவு முடியும் என்று மேசனிடம் கேட்டிருக்கிறோம்.

தொண்டர் மூன்று பேருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாயிற்று, இப்போது 17 பேர். பொருளாளர் கதைப்பதில்லை. ஐயா கனடாவிலிருந்து நடுச்சாமம் ஒரு மணிக்கு எடுத்து முக்கால் மணித்தியாலம் ஏசினார். கடைசியில், "அம்மாவுக்குச் சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார். பொதுக்கூட்டத் திகதி இன்னும் போடவில்லை. அதற்கு எனக்குத் துணிவு போதவில்லை, வட்டத்தில் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

திருக்கோவில் அக்கா, கல்முனையில் ஒரு கதிரை மிச்சம் இருக்குமா? முதல் வியாழன் என்றால் எனக்குச் சரிவராது, அன்றைக்கு அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போக வேணும்.

திருக்கோவில் கடற்காற்று | ஞாயிறு, இரவு 8.10

கதிரை இருக்கு கா. கூடுகிற நாளை மாற்றலாம், கேட்டுப் பார்க்கிறேன். சோறு கொண்டுவாங்க.

சாய்ந்தமருது நாநா | ஞாயிறு, இரவு 8.32

வெள்ளி வேண்டாம், ஜும்ஆ. புதன் எல்லோருக்கும் சரியா?

வவுணதீவுக்காரி | ஞாயிறு, இரவு 8.40

புதன் சரி. ஆனால் நான் மூன்றரைக்கு எழும்பிவிடுவேன், கடைசி பஸ் இருக்கிறது.